விடுமுறையும் விஞ்ஞானமும்: மாணவர் கைகளில் ஆராய்ச்சி

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று எம்மவர் சொல்வது வழக்கம். கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டால் இந்தப் பழமொழி பாராட்டாக வருகிறது. படிப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கண்டால் அதுவே கைவிரிப்பாகவும் வருகிறது. ஆனால் மண்ணோடு வாழ்ந்த கமக்காரனுக்கு இன்னொரு விடயமும் தெரியும். முளை தெரிய வேண்டுமானால் முதலில் விதை நனைய வேண்டும். நனையாத விதையைக் கையில் வைத்துக்கொண்டு அது நல்லதா, பதரா என்று எவராலும் சொல்ல முடியாது.

பிள்ளைகளின் விடயமும் இப்படித்தான். விஞ்ஞானத்தில் நாட்டமுள்ள பிள்ளை யார் என்பதைப் பரீட்சைப் புள்ளிகள் மட்டும் சொல்லிவிடுவதில்லை. இடப்பெயர்வால் மூன்று நான்கு பாடசாலைகள் மாறிய பிள்ளைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பாடம் விட்டுப்போன இடங்கள் பரீட்சைத்தாளில் தெரியும். அந்தப் பிள்ளைக்குள் இருக்கும் கேள்வி அதில் தெரியாது.

உயர்தர வகுப்பு வயதிலுள்ள மாணவரை நீண்ட விடுமுறையில் ஆய்வுகூடத்துக்கு அழைத்து, விஞ்ஞானிகளுக்குப் பக்கத்தில் இருத்தி, உண்மையான ஆராய்ச்சியில் ஈடுபடுத்தும் முறை சில நாடுகளில் உண்டு. இதில் நீண்ட அனுபவம் பெற்ற நாடு ஐக்கிய அமெரிக்கா. இந்த முறை அங்கு எவ்வாறு வளர்ந்தது, மாணவர் அங்கே என்ன செய்கிறார்கள், யாருக்கு இடம் கிடைக்கிறது, யார் வெளியே நிற்கிறார்கள் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நீண்ட விடுமுறை எங்கிருந்து வந்தது?

அமெரிக்கப் பாடசாலைகள் ஜூன் மாதமளவில் மூடப்பட்டு, ஓகஸ்ட் கடைசியிலோ செப்ரெம்பர் தொடக்கத்திலோ மீண்டும் திறக்கின்றன. பிள்ளைகள் வயலில் வேலை செய்ய வேண்டியிருந்ததால்தான் இந்த விடுமுறை வந்தது என்று அங்கே பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுக் கிராமப் பாடசாலைகள் மாரியிலும் கோடையிலும் நடந்தன. விதைப்புக் காலமான வசந்தத்திலும் அறுவடைக் காலமான இலையுதிர் காலத்திலுமே அவை மூடப்பட்டன. கமம் செய்பவர்களுக்கு ஏன் அப்படி என்று விளக்கத் தேவையில்லை. பயிர் நிலத்தில் நிற்கும் காலத்தை விட, விதைக்கும் போதும் வெட்டும் போதும்தான் கைகள் கூடுதலாக வேண்டும்.

கோடை விடுமுறை நகரத்திலிருந்து வந்தது. நகர வகுப்பறைகள் கோடை வெயிலில் புழுங்கின. வசதி படைத்த குடும்பங்கள் மலைப் பகுதிகளுக்கும் கடற்கரைகளுக்கும் போய்விட்டன. காலப்போக்கில் கிராமமும் நகரமும் ஒரே நாட்காட்டிக்கு வந்தன. ஆகவே அந்த விடுமுறை தொடக்கத்திலிருந்தே வசதியுள்ளவரின் விடுமுறைதான். வறிய வீட்டுப் பிள்ளைக்கு அது உழைக்கும் காலம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சுண்டெலிகளின் ஆய்வுகூடம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே கடலோரச் சிற்றூரான பார் ஹாபரில் ஜக்சன் ஆய்வுகூடம் அமைந்துள்ளது. கிளறன்ஸ் குக் லிற்றில் என்ற விஞ்ஞானி 1929இல் இதை நிறுவினார். அதற்கு முன்பே, 1924இல், அவர் சில மாணவரை அவ்வூருக்கு அழைத்துச் சென்று கூடாரமடித்துத் தங்கவைத்து ஆய்வு செய்யப் பழக்கினார். அந்த வழக்கமே பின்னர் ஆய்வுகூடத்தின் கோடைகால மாணவர் திட்டமாகியது. உயர்நிலைப் பாடசாலை மாணவரும் அதில் சேர்க்கப்பட்டனர்.

அங்கே வளர்ப்பவை சுண்டெலிகள். ஒரே குடிவழியில் பல தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யப்பட்டு, பரம்பரையியல்பில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் எலிகள் அவை. புற்றுநோய் எவ்வாறு பரம்பரையோடு தொடர்புபடுகிறது என்பதை அறிய அவை பயன்பட்டன. மாணவர் எலிகளைப் பராமரித்தனர், நுணுக்குக்காட்டியில் இழையங்களைப் பார்த்தனர், கண்டதைக் கொப்பியில் எழுதினர்.

1955ஆம் ஆண்டுக் கோடையில் நியூயோர்க்கைச் சேர்ந்த ஒரு பாடசாலை மாணவர் அங்கு வந்தார். பெயர் டேவிட் பால்ரிமோர். அதே கோடையில் அங்கே இன்னொரு இளைஞர் இருந்தார். பெயர் ஹவார்ட் ரெமின். இவரும் பாடசாலை நாட்களிலேயே அந்த ஆய்வுகூடத்துக்கு வந்து பழகியவர். வயதில் மூத்தவரான ரெமின் இளைய மாணவருக்கு வழிகாட்டியாக இருந்தார். ஆராய்ச்சியாளர் வேலை செய்வதை முதன்முதலாக நேரில் கண்ட பால்ரிமோர், உயிரியலையே தமது துறையாகத் தெரிந்துகொண்டார்.

பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1970இல் இருவரும் வெவ்வேறு ஊர்களில், தனித்தனியாக, ஒரே உண்மையைக் கண்டுபிடித்தனர். உயிரணுவிலே செய்தி டி.என்.ஏ. யிலிருந்து ஆர்.என்.ஏ. க்குச் செல்லும் என்பதே அதுவரை ஏற்றுக்கொள்ளப்பட்ட பாதை. சில வைரசுகளில் அது திரும்பியும் செல்லும், ஆர்.என்.ஏ. யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதியம் ஒன்று உண்டு என்று இவர்கள் காட்டினர். 1975இல் ரெனாற்றோ டல்பெக்கோ என்பவரோடு சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இது எங்கோ நடந்த, எமக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று எண்ண வேண்டாம். எயிட்ஸ் நோயாளருக்கு முதலில் கிடைத்த மருந்துகள் அந்த நொதியத்தைத் தடுப்பவையே. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று வந்தபோது எமது மூக்கில் குச்சி விட்டு எடுத்த பி.சி.ஆர். பரிசோதனையும் அந்த நொதியத்தைக் கொண்டே நடந்தது. கோடை விடுமுறையில் ஆய்வுகூடத்துக்கு வந்து பழகிய இரண்டு பிள்ளைகளின் வழியாக அந்த அறிவு உலகுக்கு வந்தது.

இந்த ஆய்வுகூடத்தின் வரலாற்றில் இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1947 ஒக்ரோபரில், கடும் வரட்சிக்குப் பின், பார் ஹாபரில் பெருந்தீ பரவியது. ஆய்வுகூடம் எரிந்தது. பல்லாண்டு உழைப்பில் வளர்த்த எலிகள் அழிந்தன. ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளில் அவர்கள் தமது எலிகளைப் பல நாட்டு விஞ்ஞானிகளுக்கும் பகிர்ந்து கொடுத்திருந்தனர். அந்த விஞ்ஞானிகள் அவற்றின் வழிவந்த சோடிகளைத் திருப்பி அனுப்பினர். ஆய்வுகூடம் மீண்டது. விதைநெல்லை அயலவருக்குக் கொடுத்து வைத்தவன், தன் வீடு எரிந்த பின்னும் விதைக்கலாம் என்பதை எமது வாசகர்கள் அனுபவத்தால் அறிந்திருப்பார்கள்.

சிறுகோளைத் தேடும் இரவுகள்

1957 ஒக்ரோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்ற செய்மதியை வானுக்கு ஏவியது. அமெரிக்கா அதிர்ந்தது. விஞ்ஞானக் கல்வியில் பின்தங்கிவிட்டோம் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. அரசாங்கமும் தனியாரும் பாடசாலை விஞ்ஞானத்துக்குப் பணம் செலவிடத் தொடங்கினர். அந்தச் சூழலில் பிறந்ததே கோடைகால விஞ்ஞானத் திட்டம். 1959இல் கலிபோர்ணியா மாநிலத்தின் ஓகாய் பள்ளத்தாக்கிலுள்ள தச்சர் பாடசாலையில் அது ஆரம்பித்தது. இன்று வேறு பல இடங்களிலும், வேறு பாடங்களிலும் அது நடக்கிறது.

அங்கே மாணவருக்குக் கொடுக்கப்படும் வேலை ஒன்றுதான். சூரியனைச் சுற்றி வரும் சிறுகோள் ஒன்றைத் தொலைகாட்டியில் பிடித்து, பல இரவுகள் அதன் இடத்தை அளந்து, அது செல்லும் பாதையைத் தாமே கணித்துச் சொல்ல வேண்டும். சிறு குழுக்களாக மாணவர் இரவில் விழித்திருப்பர். தொடக்க காலத்தில் கண்ணாடித் தட்டில் படம் பிடித்து, கைப்பொறிகளால் எண்களைப் பெருக்கிக் கூட்டினர். இப்போது கணனி இருக்கிறது. ஆனாலும் அந்தக் கணனிக்குரிய நிரலை மாணவரே எழுத வேண்டும். முகில் மூடினால் அன்றைய இரவு வீண். ஓர் எண் பிழைத்தால் பாதை முழுவதும் பிழைக்கும். அவர்கள் எடுத்த அளவீடுகள் சிறுகோள்களைப் பதிவு செய்யும் சர்வதேச நிலையத்துக்கு அனுப்பப்படுகின்றன. வகுப்பறைப் பயிற்சி போல் புள்ளி போட்டு மூலையில் போடப்படுவதில்லை.

இந்தக் கணிப்பு முறைக்கும் ஒரு கதை உண்டு. 1801 ஜனவரி முதலாம் நாள், சிசிலித் தீவில் பியாற்சி என்பவர் வானில் புதிய பொருள் ஒன்றைக் கண்டார். தானியத்துக்கும் உழவுக்கும் உரிய உரோமத் தெய்வத்தின் பெயரால் அதற்குச் சீரிஸ் என்று பெயரிட்டார். சில வாரங்களில் அது சூரியனின் ஒளிக்குள் மறைந்துவிட்டது. மீண்டும் எங்கே தேடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. 24 வயதான காவுஸ் என்ற ஜேர்மன் கணித அறிஞர், கிடைத்த சில அளவீடுகளைக் கொண்டே அதன் பாதையைக் கணித்தார். அவர் சொன்ன இடத்துக்கு அண்மையில் அதே ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்றும் மாணவர் அந்த முறையையே பின்பற்றுகின்றனர்.

பல ஆண்டுகளுக்கு முன் இத்திட்டத்தில் படித்தவர்களுள் ஒருவர் பிராங்ளின் அன்ரோனியோ. பிற்காலத்தில் குவல்கொம் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தை ஆரம்பித்தவர்களுள் அவரும் ஒருவரானார். 2022இல் அவர் இறந்தபோது, ஏறத்தாழ 20 கோடி டொலரை இத்திட்டத்துக்கு எழுதி வைத்திருந்தார். ஒரு கோடை காலம் ஒரு மனிதனின் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு இது சான்று.

அகதிச் சிறுவன் விதைத்தது

மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கோடைதோறும் நடைபெறும் ஆராய்ச்சி விஞ்ஞான நிறுவகம் என்ற திட்டம் 1984இல் தொடங்கியது. ஆறு வாரங்கள் நடக்கும். முதல் வாரம் செறிவான வகுப்புகள். பின்னர் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைக்கப்படுகிறார். முடிவில் ஆய்வுக் கட்டுரை எழுதி, சபை முன் நின்று விளக்க வேண்டும். கல்விக்கோ தங்குமிடத்துக்கோ உணவுக்கோ கட்டணம் இல்லை.

இதன் பின்னணியில் நின்றவர் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஹைமன் றிக்கோவர். அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலை உருவாக்கியவர் என்று அவரை உலகம் அறியும். அவர் போலந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. யூதருக்கு எதிரான வன்முறைகள் நடந்த காலத்தில், சிறு பையனாகவே குடும்பத்தோடு அமெரிக்கா வந்து சேர்ந்தார். தகப்பனார் தையற்காரர். பிள்ளை ஒன்பது வயதிலேயே கூலிக்கு வேலை செய்தார். உயர்நிலைப் பாடசாலையில் படிக்கும் போதும் தந்தி விநியோகித்து உழைத்தார். பதவியில் உயர்ந்த பின், நாட்டின் பாடசாலைக் கல்வி தாழ்ந்துவிட்டது என்று ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தார். முதுமையில், 1983இல், இன்னொருவரோடு சேர்ந்து ஒரு கல்வி அமைப்பை ஆரம்பித்தார். அந்த அமைப்பே இத்திட்டத்தை நடத்துகிறது. பிறந்த ஊரை விட்டு ஓடிவந்த பிள்ளை, வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத கதவொன்றைத் திறந்துவிட்டுச் சென்றார்.

ஆனால் இந்தக் கதவு ஒடுக்கமானது. உலகின் பல நாடுகளிலிருந்தும் விண்ணப்பங்கள் வருகின்றன. எடுக்கப்படுவோர் ஏறத்தாழ நூறு பேர். நல்ல ஆய்வுகூடமும் நல்ல ஆசிரியரும் ஏற்கெனவே வாய்த்த பிள்ளைகளே விண்ணப்பத்தில் மின்னுவர். கட்டணம் இல்லை என்பதால் மட்டும் வறிய பிள்ளை உள்ளே போய்விடுவதில்லை.

வறிய பிள்ளைக்கு விடுமுறை ஏது?

இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்ட ஒரு திட்டம் உண்டு. 1968இல் அமெரிக்க இரசாயனவியல் சங்கம் அதைத் தொடங்கியது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மாட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டு அது. நகரங்களில் கலவரங்கள் வெடித்தன. வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி விஞ்ஞானிகளிடையேயும் எழுந்தது. குறைந்த வருமானமுள்ள வீட்டு மாணவரைக் கோடையில் எட்டுப் பத்து வாரங்கள் இரசாயன ஆய்வுகூடங்களில் சேர்க்கும் திட்டம் பிறந்தது. அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'விதை' என்ற சொல் வரும்.

இத்திட்டத்தின் முக்கியமான பண்பு, மாணவரிடம் பணம் வாங்காமல் விட்டது மாத்திரமல்ல, மாணவருக்கே பணம் கொடுத்தது. ஏன்? வறிய வீட்டுப் பிள்ளை விடுமுறையில் கடையிலோ தோட்டத்திலோ வேலை செய்து வீட்டுக்குக் காசு கொண்டுவர வேண்டியிருக்கிறது. இலவசமாகப் படிப்பிக்கிறோம், வா என்று அழைத்தால், அந்தக் காசை யார் தருவது? ஆராய்ச்சியும் ஒரு வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று சொன்னபோதுதான் பெற்றோரால் பிள்ளையை அனுப்ப முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் இவ்வழியால் ஆய்வுகூடங்களுக்குச் சென்றிருக்கின்றனர்.

இது எமது குடும்பங்களுக்கு நன்கு விளங்கும் கணக்கு. வெங்காயம் நடும் போதும் நெல் வெட்டும் போதும் பிள்ளையின் கையும் வேண்டியிருக்கிறது. சொந்தக் காணி இல்லாமல் கூலிக்குப் போகும் குடும்பத்தில் இது இன்னும் கடுமை. "படிப்பில் அக்கறை இல்லாத பெற்றோர்" என்று வெளியிலிருந்து வருவோர் சிலர் இலகுவாகச் சொல்லிவிடுவார்கள். அக்கறை இல்லாமல் அல்ல. அன்றைய நாட்கூலியை விட்டுக்கொடுக்க முடியாத நிலைதான் காரணம். பிள்ளைகளுக்கென்று எந்த வகுப்பையோ பயிற்சியையோ ஒழுங்கு செய்பவர்களும் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வயலுக்கு வரும் மாணவர்

ஆராய்ச்சி என்றதும் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குழாயும் நினைவுக்கு வருகின்றன. வயலும் ஓர் ஆய்வுகூடமே. இதை உணர்ந்து நடந்த திட்டமொன்று அமெரிக்காவின் சோளம் விளையும் மாநிலமான அயோவாவில் உருவானது.

நோர்மன் போர்லோக் என்பவர் அயோவாவில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் 1914இல் பிறந்தார். மெக்சிக்கோ நாட்டில் பல்லாண்டு தங்கி, நோயைத் தாங்கிக் கூடுதலாக விளையும் குட்டைக் கோதுமை இனங்களை உருவாக்கினார். 1970இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். உணவு உற்பத்திக்குப் பாடுபடுவோருக்கென உலக உணவுப் பரிசு ஏற்படக் காரணமானவரும் அவரே. அப்பரிசை முதன்முதலில், 1987இல், பெற்றவர் ஒரு தமிழர். கும்பகோணத்தில் 1925இல் பிறந்து 2023இல் மறைந்த எம். எஸ். சுவாமிநாதன் அவர்கள். அவர் அந்தப் பரிசுப் பணத்தைக் கொண்டு 1988இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார்.

1994இல் போர்லோக்கும் ஜோன் றுவான் என்ற தொழிலதிபரும் பாடசாலை மாணவருக்கென ஆண்டுதோறும் ஒரு மாநாட்டை ஆரம்பித்தனர். மாணவர் ஒரு நாட்டைத் தெரிந்து, அங்குள்ள ஒரு குடும்பம் என்ன உண்கிறது, ஏன் போதாமல் இருக்கிறது என்று ஆராய்ந்து கட்டுரை எழுதி வந்து, விஞ்ஞானிகள் முன் படிக்க வேண்டும். 1998இலிருந்து, அப்படிப் படித்தவர்களுள் சிலர் தெரிவுசெய்யப்பட்டு, கோடையில் எட்டு வாரங்கள் வெளிநாட்டு விவசாய ஆராய்ச்சி நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அவற்றுள் ஒன்று. சென்னையில் சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனமும் அவற்றுள் ஒன்று. செலவு முழுவதையும் உலக உணவுப் பரிசு அமைப்பே ஏற்றது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். சிறுகோளுக்கு வாய் இல்லை. சுண்டெலிக்கும் வாய் இல்லை. ஆனால் வயலில் ஆராய்ச்சி செய்யப் போகும் மாணவர் அங்குள்ள கமக்காரரோடு பேசியே ஆகவேண்டும். ஏன் இந்த நெல்லைத் தெரிந்தீர்கள், ஏன் அந்த மருந்தை விட்டீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்கும் போதுதான், எழுதப் படிக்கத் தெரியாத முதிய தாய் ஒருவர் பத்து நெல்லினங்களைக் கதிரைப் பார்த்தே பிரித்துச் சொல்வார் என்பது தெரியவரும். அறிவு ஆய்வுகூடத்திலிருந்து வயலுக்கு மட்டும் போவதில்லை, வயலிலிருந்தும் ஆய்வுகூடத்துக்கு வருகிறது.

விலைக்கு வாங்கும் ஆராய்ச்சி

இம்முறையின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் இடம் பிடிக்கும் போட்டி அமெரிக்காவில் கூடக்கூட, பாடசாலைக் காலத்திலேயே ஆராய்ச்சி செய்தேன் என்று விண்ணப்பத்தில் எழுதுவது பெருமையாகியது. இதைக் கண்டு, ஆயிரக்கணக்கான டொலர் வாங்கிக்கொண்டு மாணவருக்கு "ஆராய்ச்சி" செய்து கொடுக்கும் தனியார் நிறுவனங்கள் முளைத்தன. பணம் கட்டினால் கட்டுரை அச்சாகும் சஞ்சிகைகளும் வந்தன. 2023இல் அமெரிக்கச் செய்தியாளர் இதை விரிவாக வெளிக்கொணர்ந்தனர். எமது ஊர்களில் தனியார் வகுப்புகளுக்குக் காசு கட்டமுடியாமல் தவிக்கும் பெற்றோருக்கு இது புதிய கதையாக இராது.

அரச உதவியும் என்றும் நிலைப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் பல ஆண்டுகளாகக் கோடையில் மாணவரைச் சேர்த்து வந்தன. 2025இல் அரசின் செலவுக் குறைப்புகளுக்கிடையே அந்த ஆண்டுக்கான பயிற்சி இரத்துச் செய்யப்பட்டது. விண்ணப்பித்துக் காத்திருந்த பிள்ளைகள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. செல்வந்த நாட்டிலும் முதலில் வெட்டப்படுவது பிள்ளைகளின் பங்குதான்.

எமக்கு இதில் என்ன?

மேலே சொன்ன திட்டங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஆனாலும் பயன் தந்தவற்றில் ஐந்து பொதுப் பண்புகளைக் காண்கிறோம்.

முதலாவது, உண்மையான கேள்வி. விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, பக்கத்தில் இருந்து வழிகாட்டும் ஒருவர். பால்ரிமோருக்கு ரெமின் இருந்தது போல, சில வயது மூத்த மாணவரும் போதும்.

மூன்றாவது, தொடர்ந்து கிடைக்கும் நேரம். அந்த நேரத்துக்கு வீட்டார் கொடுக்கும் விலையையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

நான்காவது, கொப்பி. திகதியிட்டு, கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கம். எதிர்பார்த்தது வராவிட்டாலும் அழிக்காமல் எழுத வேண்டும்.

ஐந்தாவது, செய்ததைப் பலர் முன் எடுத்துச் சொல்வது. கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்தால் பிள்ளை தன் கணக்கைத் தானே திருப்பிப் பார்க்கும்.

இந்த ஐந்தில் எதற்கும் பெரிய கட்டிடம் தேவையில்லை. நாமும் எமது பிள்ளைகளும் ஒரு பாடசாலை விடுமுறையில் தொடங்கக்கூடிய சில வேலைகளைக் கீழே தருகிறோம்.

விதை: ஒரே விதைநெல்லில் அல்லது பயற்றில் ஒரு பங்கை மண்பானையிலும் இன்னொரு பங்கைப் பொலித்தீன் பையிலும் இரண்டு மூன்று மாதம் வைத்திருங்கள். பின்னர் ஒவ்வொன்றிலும் 100 விதைகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனையாம் நாள் எத்தனை முளைத்தன என்று பிள்ளை எழுதட்டும். ஒருமுறை செய்து முடிவு சொல்லக் கூடாது. மூன்றுமுறை செய்து ஒப்பிட வேண்டும். மீள்குடியேறிய காணியில் முதற்போகம் விதைக்கப் போகும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு வெறும் பாடமல்ல. நூற்றுக்கு அறுபது முளைக்கும் விதையை நூற்றுக்கு தொண்ணூறு என்று நம்பி விதைத்தால் வரும் நட்டம் எவ்வளவு என்று நீங்களே அறிவீர்கள்.

மழை: பக்கங்கள் நேராக உள்ள வெறும் தகரப் பேணி ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில், உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து எழுதிவிட்டு ஊற்றிவிட வேண்டும். அந்த உயரமே அன்றைய மழையளவு.

கிணறு: கயிற்றில் அளவு முடிச்சுகள் போட்டு, வாரம் ஒருமுறை கட்டிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மழைக் கணக்கையும் கிணற்றுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், பெய்த மழை எத்தனை நாளில் கிணற்றுக்கு வருகிறது என்று தெரியவரும். குடாநாட்டில் நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே இடும் உரம் இலகுவில் நிலத்தடி நீருக்கு இறங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். பல ஆண்டு இறைக்காமல் கிடந்த கிணறுகள் உள்ள ஊர்களில், இப்படியான ஒரு கொப்பி பிள்ளைக்கு மட்டுமல்ல, ஊருக்கே பயன்படும்.

விடுமுறை முடியும் முன், ஐந்தாறு பிள்ளைகளின் கொப்பிகளை ஓரிடத்தில் விரித்து, ஊரவர் கேட்க அவர்களைப் பேசவிடுங்கள். விஞ்ஞான ஆசிரியரையும் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரையும் அழையுங்கள். பெண்பிள்ளைகளைத் தேநீர் ஊற்றும் வேலைக்கு விட்டுவிடாமல், அவர்களும் தமது கணக்கைச் சொல்ல இடம் கொடுங்கள். வயலைப் பற்றிய கேள்விகளை மூத்த கமக்காரர் கேட்கட்டும். தெரியாத விடயத்துக்குத் "தெரியாது, இனித்தான் பார்க்க வேண்டும்" என்று ஒரு பிள்ளை சபையில் துணிந்து சொன்னால், அந்தப் பிள்ளை ஆராய்ச்சியின் முதற்படியில் ஏறிவிட்டது என்று கொள்ளலாம்.

தூரத்து ஆய்வுகூடங்களின் கதவு எமது பிள்ளைகளுக்கு எப்போது திறக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு ஒரு கொப்பியும் ஒரு பேனையும், நாளுக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கிக் கொடுப்போம். அந்த ஒரு மணி நேரத்துக்குத் தோட்ட வேலையிலிருந்து பிள்ளையை விட்டுவிடுவது பெற்றோர் செய்யும் முதலீடு. எந்த விதை முளைக்கும் என்பது நனைத்த பிறகுதான் தெரியும்.